உரிமத் துப்பாக்கியுடன் முதன்முறையாக மலையிறங்கும்போது

ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்கள் சிலருடைய வீட்டில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இன்றும் இருக்கும். அதற்கான உரிமம் அடுத்த தலைமுறையின் பெயரில் கிடைத்த பிறகு, அதை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லும் முதல் நாள் பெரும்பாலும் காவலுக்காக அமைவதில்லை. உரிமத்தைப் புதுப்பிக்கச் சேலத்துக்குப் போகும் நாளாகவோ, தேர்தல் அறிவித்தவுடன் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் நாளாகவோ, பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லும் நாளாகவோதான் அது இருக்கும். அந்தப் பயணத்தைச் சட்டத்துக்கும் பிறரது நிம்மதிக்கும் இடையூறின்றி எப்படி முடிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

உரிமம் கையில் இருப்பதால் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் நடுவே ஒண்டிக்கடைச் சந்திப்பு வழியாக நடந்து போகலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இடுப்பில் வெளிப்படையாகத் துப்பாக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போவது சட்டப்படி சரி என்பதால், அங்கிருந்து வரும் காணொளிகளைப் பார்க்கும் இளைஞர்களுக்கு இந்த எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. நம் நாட்டு நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் எடுத்துச் செல்லப்படும் துப்பாக்கி அதற்கென்றே செய்யப்பட்ட உறையில் முழுவதுமாக மூடப்பட்டிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். பழைய போர்வையிலோ சாக்கிலோ சுற்றி எடுத்துப் போவதும் இதில் அடங்காது. ஆகவே உங்கள் முதல் பயணம் வெற்றியாக முடிந்ததற்கு அடையாளம், நீங்கள் துப்பாக்கி கொண்டு சென்றது வழியில் ஒருவருக்கும் தெரியாமல் போனதுதான்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையிலேயே உரிமத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். காலாவதி நாள், தனித்த அடையாள எண், துப்பாக்கியின் வகை, அதன் எண், வைத்துக்கொள்ளக்கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கை, உரிமம் செல்லுபடியாகும் பகுதி ஆகிய அனைத்தையும் பார்க்க வேண்டும். துப்பாக்கியின் மீது பொறித்திருக்கும் எண்ணை நல்ல வெளிச்சத்தில் வைத்து, உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். பழைய துப்பாக்கிகளில் எண் தேய்ந்து 3க்கும் 8க்கும் வேறுபாடு தெரியாமல் இருப்பதுண்டு. அந்தக் குழப்பத்தை வீட்டிலேயே கண்டுபிடித்து, உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது நல்லது. சோதனைச் சாவடியில் கண்டுபிடிக்கப்பட்டால் அது வேறு கதையாகிவிடும். பகுதி என்ற இடத்தில் மாவட்டம் மட்டும் குறிக்கப்பட்டிருந்தால், சேலம் வரை போய் வரலாமே தவிர, அதே காரில் அப்படியே பெங்களூருக்குப் போக முடியாது. நகலை நம்பாமல் மூல உரிமத்தையே உடன் எடுத்துச் செல்லுங்கள்.

யார் எடுத்துச் செல்வது என்பதும் முக்கியம். தோட்டத்து மேஸ்திரியிடமோ ஓட்டுநரிடமோ கொடுத்து அனுப்பும் பழக்கம் பழைய நாளில் இருந்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, உரிமம் இல்லாத ஒருவர் உரிமதாரரின் முன்னிலையிலோ அவருடைய எழுத்துப்பூர்வமான அனுமதியுடனோ பழுது பார்ப்பதற்காகவும், உரிமத்தைப் புதுப்பிப்பதற்காகவும், உரிமதாரரின் பயன்பாட்டுக்காகவும் மட்டுமே துப்பாக்கியை எடுத்துச் செல்ல இடம் தருகிறது. ‘சும்மா கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வா’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவது அவரைத்தான் சிக்கலில் மாட்டிவிடும். முதல் முறையாவது நீங்களே செல்லுங்கள்.

இனித் துப்பாக்கியைப் பிரித்து வைக்கும் வேலை. குழலின் வாய் ஆளில்லாத திசையை நோக்கி இருக்கட்டும்; விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். மேலே உள்ள நெம்புகோலைத் தள்ளி, குழலை மடக்கித் திறந்து, தோட்டா அமரும் இரு அறைகளும் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு சுண்டுவிரலை நுழைத்தும் தொட்டுப் பாருங்கள். காலியாகத்தான் இருக்கும் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தாலும் இதைச் செய்ய வேண்டும். மலை ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் கிடந்த காகித உறைத் தோட்டாக்கள் ஊதிப்போய் அறையில் சிக்கிக்கொள்வதுண்டு. அப்படி ஒன்று சிக்கியிருந்தால் கம்பியால் குத்தி எடுக்க முயலாமல், துப்பாக்கியை அப்படியே பாதுகாப்பாக வைத்துவிட்டு, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரைக் கேளுங்கள். வெறுமை உறுதியான பின், குழலின் அடியில் உள்ள முன்கட்டையைக் கழற்றி, தோளில் வைக்கும் பின்கட்டையிலிருந்து குழலைப் பிரித்து, உறையில் தனித்தனியாக அடுக்குங்கள். தோட்டாக்கள் வேறொரு பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கும் பயணத்துக்குத் தோட்டா தேவையா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டால், அந்தப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

சொந்த வாகனமே ஏற்றது. சேலம் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் உறை டிக்கிக்குள் இங்குமங்கும் உருளும். எனவே பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள். கோடை விழா நாட்களையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் தவிர்த்து, வாரநாள் காலையில் புறப்படுவது உத்தமம். இடையில் டீக்கடையில் நிறுத்திக் காரைப் பூட்டிவிட்டு எல்லோரும் இறங்கிப் போவது கூடாது. அப்போது துப்பாக்கியைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதாகச் சொல்ல முடியாது. டீ குடிக்காமல் மலையிறங்கினால் ஒன்றும் ஆகிவிடாது.

அடிவாரச் சோதனைச் சாவடியிலோ வேறு எங்கேனுமோ காவலர்கள் வாகனத்தை நிறுத்தினால், இயந்திரத்தை அணைத்து, கைகளைத் தெரியும்படி வைத்துக்கொண்டு, அவர்கள் டிக்கியைத் திறப்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்: “ஐயா, உரிமம் உள்ள துப்பாக்கி பின்னால் உறையில் இருக்கிறது, தோட்டா போடவில்லை. உரிமம் என் சட்டைப்பையில் இருக்கிறது, எடுத்துத் தரட்டுமா?” உறையை நீங்களாகத் திறந்து துப்பாக்கியைத் தூக்கிக் காட்ட வேண்டாம், அவர்கள் கேட்டால் மட்டும் திறங்கள். ஆயுதத்துடன் செல்பவரிடம் உரிமத்தைக் கேட்க எந்தக் காவல் அலுவலருக்கும் சட்டத்தின் 19ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. காட்ட மறுத்தால் ஆயுதத்தைக் கைப்பற்றவும் முடியும். அங்கே நின்று வாதாடுவதில் பயனில்லை.

வழியில் வேறு வேலைகளைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்கும் கல்வி நிலைய வளாகத்துக்கும் துப்பாக்கியுடன் செல்வதை உரிமத்தின் நிபந்தனைகளே தடுக்கின்றன. விடுதியுடன் கூடிய பள்ளிகள் நிறைந்த ஏற்காட்டில், ‘திரும்பும் வழியில் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம்’ என்று டிக்கியில் துப்பாக்கியுடன் பள்ளி வாசலுக்குள் காரை ஓட்டுவது இயல்பாக நேரக்கூடிய தவறு. சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்துக்கும் இதுவே பொருந்தும். கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

சாலையில் காட்டுமாடு நின்றால் காரை நிறுத்திக் காத்திருங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமத்தில் எழுதியிருப்பது வன உயிரினத்தைச் சுடுவதற்கான அனுமதி ஆகாது. காட்டுமாடு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது.

காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது, துப்பாக்கியை நேராக உள்ளே தூக்கிச் செல்லாமல், வாசலில் பாரா நிற்கும் காவலரிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி பெறுங்கள். எழுத்தரின் மேசையில் உறையைத் திறந்து, குழலையும் கட்டையையும் பொருத்தச் சொன்னால் மட்டும் பொருத்தி, மடக்கித் திறந்த நிலையிலேயே கொடுங்கள். ரசீதில் துப்பாக்கி எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, நாள், முத்திரை நான்கும் இருக்கின்றனவா என்று பார்க்காமல் அங்கிருந்து நகராதீர்கள். கட்டையில் ஏற்கெனவே கீறலோ விரிசலோ இருந்தால் அதையும் ரசீதில் குறிக்கச் சொல்லலாம். தேர்தல் முடிந்த பிறகு, ஏராளமான துப்பாக்கிகளுக்கு நடுவிலிருந்து உங்களுடையதை எடுத்துத் தரும்போது இது உதவும்.

திரும்பக் கிடைத்த அன்றே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், உறையிலிருந்து எடுத்துத் துடைத்துவிடுங்கள். மலை மூடுபனியின் ஈரம் இரும்பின் மீது படியும். தோல் உறை அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். குழலுக்குள் உலர்ந்த துணியை ஓட்டி, மெல்லிய எண்ணெய் பூசி, பூட்டிய இரும்பு அலமாரியில் வையுங்கள். தோட்டாப் பெட்டியின் சாவி வேறோர் இடத்தில் இருக்கட்டும்.