போர்ட்லண்ட் சம்பளம், வான்கூவர் வீடு: வரி மிச்சம்

ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் உள்ள கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறீர்களா? கொலம்பியா ஆற்றைத் தாண்டி வாஷிங்டன் மாநிலத்து வான்கூவருக்குக் குடிபோனால் நல்ல தொகை மிஞ்சும். ஓரிகன் வருமான வரி 9.9 சதவீதம் வரை ஏறும். வாஷிங்டனில் சம்பளத்துக்கு அது கிடையாது. வெளிமாநிலத்தில் குடியிருப்பவரிடம் ஓரிகன் பொதுவாக அங்கே நேரில் வந்து வேலை பார்த்த நாட்களுக்குத்தான் வரி கேட்கும். அதனால் எந்தத் தேதியில் எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தீர்கள் என்று குறித்து வையுங்கள். சம்பளப் பிரிவிடம் முகவரி மாற்றத்தைச் சொல்லாவிட்டால் சம்பளத்தில் ஓரிகன் வரிப் பிடித்தம் பழையபடியே ஓடும். பிறகு வெளிமாநிலத்தவருக்கான ஓரிகன் வரிப் படிவமான ஓஆர்-40-என் போட்டுத்தான் திரும்பப் பெற வேண்டும் (குடிபோன வருடத்துக்கு மட்டும் ஓஆர்-40-பி).

தினமும் பாலம் தாண்டி ஆபீஸ் போகிறவருக்கு இதில் லாபமில்லை. போதாததற்கு, ஓரிகனில் இல்லாத விற்பனை வரி வான்கூவர் கடைகளில் உண்டு.