உங்கள் காரின் கரிக்கணக்கு: ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்

மின்சாரக் காருக்கு சைலன்சர் கிடையாது. அதனால் புகையே இல்லை என்று ஆகிவிடாது. அனல்மின் நிலையத்திலும் பேட்டரி ஆலையிலும் அது வெளியேறியிருக்கும். தாது தோண்டுவதில் தொடங்கி காயலான் கடை வரை எல்லாவற்றையும் கூட்டுவதுதான் ஆயுள் சுழற்சி மதிப்பீடு. முறையாகச் செய்ய ஐஎஸ்ஓ 14040 என்ற தரநிலை உண்டு. இங்கே கரியமில வாயுவுக்கு மட்டும் தோராயக் கணக்கு போடுவோம்.

படி 1: தூரம். பெட்ரோல் கார், மின்சாரக் கார் இரண்டையும் ஒப்பிடப் போகிறோம்; இரண்டுக்கும் ஒரே ஆயுள் தூரம் வையுங்கள். நான் 1,50,000 கி.மீ. எடுத்துக்கொள்கிறேன்.

படி 2: தயாரிப்பு. சிறிய காரின் உடலைச் செய்ய 5 டன் கரியமில வாயு வெளியேறும் என்று வைப்போம். மின்சாரக் காருக்கு பேட்டரி தனி: 30 யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரம் பிடிக்கும் பேட்டரி, யூனிட்டுக்கு 80 கிலோ கரியமில வாயு, ஆக 2.4 டன் கூடுதல்.

படி 3: ஓட்டம். பெரும்பங்கு இங்கேதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.31 கிலோ கரியமில வாயு வரும். முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து இவ்வளவா என்று கேட்பீர்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறதே! லிட்டருக்கு 15 கி.மீ. மைலேஜ் என்றால் 10,000 லிட்டர், 23.1 டன். எண்ணெய் எடுக்க, சுத்திகரிக்க, கொண்டுவர இன்னொரு 20 சதவீதம் போடுங்கள்: 27.7 டன்.

மின்சாரக் கார் 100 கி.மீ.க்கு 15 யூனிட் குடித்தால் மொத்தம் 22,500 யூனிட். கம்பியில் வீணாவதையும் சேர்த்து 27,000 யூனிட் உற்பத்தியாக வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில் இந்தியாவில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.72 கிலோ. ஆக 19.4 டன்.

படி 4: காயலான் கடை. இரும்பு உருக்கினால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். முதல் கணக்கில் விட்டுவிடலாம்.

படி 5: கூட்டல். பெட்ரோல் 32.7 டன், மின்சாரம் 26.8 டன். சரி, மின்சாரம் ஜெயித்தது. எப்போதிலிருந்து? ஓட்டத்தில் கி.மீ.க்கு 185 கிராமுக்கு எதிராக 130, மிச்சம் 55. பேட்டரியின் 2.4 டன் கடனை அடைக்க சுமார் 44,000 கி.மீ. ஓட வேண்டும்.

படி 6: எண்களை மாற்றிப் பாருங்கள். எங்கள் மாமாவின் கார் வாரம் முழுக்க உறை போர்த்தி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு மட்டும் கிளம்பும். வருடத்துக்கு 4,000 கி.மீ. தாண்டாது. அவர் மின்சாரக் கார் வாங்கினால் கடன் அடைய 11 வருடம். டாக்ஸி ஓட்டுபவருக்கு ஒரு வருடம்கூட ஆகாது. மாடியில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் ஏற்றுபவர் என்றால் 0.72 இருக்கும் இடத்தில் 0.05 போட்டுப் பாருங்கள்; மாமாவின் 11 வருடமும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும்.