ஆன்டெனாவை அனலைசரில் பார்க்கும்போது

நானோ வி.என்.ஏ. மாதிரி கையடக்க அனலைசர் (ஆன்டெனாவை அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களுக்கு: முதலில் காலிபரேஷன், அதாவது கருவியின் அளவைச் சரிசெய்வது. ஓப்பன், ஷார்ட், 50 ஓம் லோட் என்ற மூன்று சோதனைச் செருகிகளையும் ஆன்டெனா கேபிளைச் செருகப் போகும் அதே முனையில் மாட்டிச் செய்யுங்கள். அலைவரிசை எல்லையை மாற்றினால் திரும்பவும் செய்துவிடுவது நல்லது.

40 மீட்டர் அலைநீளப் பட்டைக்கான டைபோலை (நடுவில் கேபிள் இணைந்து, இரு பக்கமும் சம நீளக் கம்பி உள்ள ஆன்டெனா) எடுத்துக்கொள்வோம். 6.5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடவிட்டு, எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எண்; 1.0 என்றால் எதுவும் திரும்பவில்லை) கோடு எங்கே பள்ளமாக இறங்குகிறது என்று பாருங்கள். 7.1-இல் வேண்டியது 6.9-இல் இறங்கினால் கம்பி நீளம் அதிகம். கணக்குப்படி பக்கத்துக்கு 29 செ.மீ. குறைக்க வேண்டும். உடனே கட்டிங் பிளேயரை எடுக்காதீர்கள்! நுனியை மடித்துக் கம்பியோடு சேர்த்துச் சுற்றி, மேலே ஏற்றி, மறுபடி அளந்து பாருங்கள். தரைக்குப் பக்கத்தில் வைத்து அளந்தால் கணக்கு தப்பும். பள்ளம் 1.5-க்குக் கீழே வந்தால் போதும், 1.0-ஐத் துரத்துவது வீண் வேலை என்பேன்.

பள்ளமே இல்லாமல் எல்லா அலைவரிசையிலும் எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாகவே காட்டுகிறதா? சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். திரும்பி வரும் சக்தியைக் கேபிளே தின்றுவிடுவதால் கருவி ஏமாறுகிறது. கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். அப்போதும் குறைவாகவே காட்டினால் கேபிளை மாற்றுங்கள்.

அப்புறம், மாட்டும் முன் கேபிளின் நடுக்கம்பியையும் வெளிவலையையும் ஒரு நொடி ஷார்ட் செய்து, கம்பியில் தேங்கிய ஸ்டாடிக் மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். அனலைசர் மாட்டியிருக்கும்போது பக்கத்து ஆன்டெனாவில் யாரும் பி.டி.டி. (ஒலிபரப்பும் பொத்தான்) அழுத்தக் கூடாது.