பழைய சுட்டிகள் உடையாமல் வேர்ட்பிரஸ்ஸிலிருந்து ஹியூகோவுக்கு

எங்கள் திறமூலத் திட்டம் சின்னது. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கான தமிழ்ச் சொல் விளையாட்டு. அதற்கொரு தளம், நாற்பது பக்கம். சிங்கப்பூரில் சில தமிழாசிரியர்கள் அந்தப் பக்கங்களின் கியூஆர் குறியைப் பயிற்சித்தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். தளத்தை வேர்ட்பிரஸ்ஸிலிருந்து ஹியூகோவுக்கு மாற்றும்போது என் பெரிய கவலை அந்தத் தாள்கள்தான். வலைப்பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். பிள்ளையின் கோப்பில் செருகியிருக்கும் தாளைத் திருத்த முடியாது.

ஏன் மாற்ற வேண்டும்? தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸுக்கு எப்போதும் ஒரு தரவுத்தளமும் பிஎச்பி என்ற நிரல்மொழியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களை விடாமல் புதுப்பிக்க வேண்டும். ஹியூகோ எல்லாப் பக்கத்தையும் உங்கள் கணினியிலேயே உலாவி படிக்கும் எச்டிஎம்எல் கோப்புகளாக எழுதிவிடும். தளத்தை இணையத்தில் தரும் கணினி, அதாவது வழங்கி, அவற்றை எடுத்துக் கொடுத்தால் போதும். பக்கங்கள் வெறும் உரைக்கோப்பாக இருப்பதால், நிரலுக்குத் திருத்தம் அனுப்புவதுபோல எழுத்துப்பிழைக்கும் யார் வேண்டுமானாலும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வழியாகத் திருத்தம் அனுப்பலாம். எனக்கு இதுதான் முக்கியக் காரணம்.

1. முதலில் பட்டியல்

ஹியூகோவைத் தொடுவதற்கு முன், வேர்ட்பிரஸ்ஸின் கருவிகள் பகுதியில் ஏற்றுமதி கொடுத்து எக்ஸ்எம்எல் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பும் முகவரியும் வேர்ட்பிரஸ் கொடுத்த எண்ணும் இருக்கும். மூன்றையும் ஒரு விரிதாளில் எழுதி வையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், பின்னால் வரும் எல்லா வேலைக்கும் இந்தப் பட்டியல்தான் ஆதாரம்.

2. ஹியூகோ

நிறுவுவது எளிது, ஒரே ஒரு செயலிக் கோப்புதான். 'ஹியூகோ நியூ சைட்' என்று தளத்தின் பெயரோடு கட்டளை கொடுத்தால் கோப்புறைகள் உருவாகும். பக்க வடிவமைப்பைத் தரும் ஒரு தீம் சேர்க்கும்வரை பக்கம் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம். 'ஹியூகோ சர்வர்' கொடுத்து, உலாவியில் 1313-ஆம் போர்ட்டில் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம்.

3. உள்ளடக்கம்

நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருந்தால் மாற்றித்தரும் கருவிகள் உண்டு. நாற்பதுக்குக் கையால் செய்வதே நல்லது. ஒவ்வொன்றையும் மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவத்துக்கு மாற்றும்போதே பழைய பிழைகளும் கண்ணில் படும். படங்கள் இருக்கும் கோப்புறையை அதே பாதையோடு 'ஸ்டாட்டிக்' கோப்புறைக்குள் போட்டால் படச் சுட்டிகள் அப்படியே வேலை செய்யும்.

4. முகவரிகள்

இங்கே நிதானமாகப் போங்கள். 'சொல்' என்பது நமக்கு இரண்டெழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் அது நான்கு குறியீடுகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 12 பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாகிவிடும். ஆக, 'சொல்' மட்டும் 36 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயரை 200 எழுத்தோடு நிறுத்திவிடும். அதனால் 'ஆசிரியர்களுக்கான வழிகாட்டி' என்ற தலைப்பு முகவரியில் 'ஆசிரியர்களுக்கான-வழிகாட' என்று பாதியில் நிற்கும். பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் அந்த அரைச்சொல்லைத் திருத்தாதீர்கள். மார்க்டவுன் கோப்பின் தலைப்பகுதியில் 'யூஆர்எல்' என்ற வரியில் பட்டியலில் உள்ளபடியே எழுதுங்கள். நல்ல முகவரிதான் வேண்டுமென்றால் அதை 'யூஆர்எல்'லில் வைத்து, பழையதை 'அலையசஸ்' வரியில் சேருங்கள். ஹியூகோ பழைய இடத்தில் ஒரு சிறு பக்கத்தை வைத்து, வருபவரைப் புதிய இடத்துக்கு அனுப்பும். அப்புறம், பாதையில் எழுத்தோடு ஒட்டிவரும் ஒலிக்குறிகளை நீக்கும் அமைப்பு ஒன்று ஹியூகோவில் உண்டு. இயல்பாக அது அணைந்தே இருக்கும். அதை இயக்கிவிட்டால் நம் மெய்யெழுத்துப் புள்ளியும் சேர்ந்து போய்விடும்.

இன்னொன்று. இவ்வளவு நீண்ட முகவரியைக் கியூஆர் குறியாக்கினால் கட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதனால் எங்கள் ஆசிரியர்கள் சிலர், கேள்விக்குறிக்குப் பின் 'பி=45' என்று முடியும் குறுஞ்சுட்டியை அச்சிட்டிருந்தார்கள். முன்பே எழுதி வைத்த கோப்புகள் மட்டுமுள்ள நிலைத்தளத்தில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை வழங்கி கண்டுகொள்ளாது. எல்லாரையும் முகப்புக்கே கொண்டுவந்து விடும். 'அலையசஸ்' இதற்கு உதவாது. முகப்பில் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, எண்ணுக்கு எதிரே முகவரி என்று பட்டியலை அதற்குள் வைத்து, 'பி' வந்தால் உரிய பக்கத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். விரிதாளில் எண்ணையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

5. தேதி

தமிழ் மொழி விழாவுக்காக ஏப்ரலில் ஒரு காலை 9 மணிக்கு அறிவிப்பு ஒன்றை ஏற்றினோம். தளத்தில் வரவே இல்லை. தேதியில் நேர மண்டலத்தை எழுதாததால், யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும் கணினி அதை நம் மாலை 5 மணி என்று எடுத்துக்கொண்டது. எதிர்காலத் தேதியுள்ள பக்கத்தை ஹியூகோ வெளியிடாது. அமைப்புக் கோப்பில் 'டைம்ஸோன்' என்பதற்கு 'ஏசியா/சிங்கப்பூர்' என்று கொடுத்ததும் சரியானது. 'டிராஃப்ட்' வரியில் 'ட்ரூ' என்று இருந்தாலும் பக்கம் வராது, அதையும் பாருங்கள்.

6. வெளியிடுதல்

'ஹியூகோ' என்று மட்டும் கட்டளை கொடுத்தால் 'பப்ளிக்' கோப்புறையில் முழுத் தளமும் தயாராகிவிடும். திறமூலத் திட்டங்களுக்குக் கிட்ஹப்பின் தளம் வெளியிடும் சேவையான கிட்ஹப் பேஜஸ் போதும். தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். உங்கள் டொமைனை அங்கே திருப்பி, எச்டிடிபிஎஸ்ஸை இயக்குங்கள். தொடர்புப் படிவம் இனி ஓடாது, ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துவிடுங்கள்.

கடைசியாக, விரிதாளிலுள்ள ஒவ்வொரு முகவரியையும் திறந்து பாருங்கள். நான் ஓர் ஆசிரியரிடம் பழைய பயிற்சித்தாள் ஒன்றை வாங்கி, மடிப்பு விழுந்திருந்த அந்தக் குறியைக் கைப்பேசியில் காட்டினேன். விளையாட்டுப் பக்கம் திறந்தது. பழைய வழங்கிக்குக் கட்டும் சந்தாவை அதன் பிறகுதான் நிறுத்தினேன்.