பால்டிக் சாமிப் பெயர்களுக்கு வேர் தேடுகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

முதல் சறுக்கல் வரைபடத்திலேயே நடந்துவிடுகிறது. பால்டிக் கடலோரம்தானே என்று எஸ்தோனியாவின் சாமிகளையும் சேர்த்துக்கொள்வார்கள். எஸ்தோனியன் பின்னிஷுக்கு உறவு. லிதுவேனியன், லாட்வியன், எப்போதோ வழக்கொழிந்த பழைய பிரஷ்யன் ஆகியவைதான் பால்டிக் குடும்பம்.

அப்புறம், 'லிதுவேனியன் அப்படியே சமஸ்கிருதம்' என்று எங்கோ படித்துவிட்டு, காதுக்கு ஒன்றாகப் படுவதையெல்லாம் முடிச்சுப் போடுவது. லிதுவேனியனில் கடவுளைக் குறிக்கும் டியேவஸ், சமஸ்கிருதத்தின் தேவ இரண்டும் ஒரே வேர், சந்தேகமில்லை. ஆனால் இடிக்கடவுள் பெர்கூனஸை வேதத்து மழைக்கடவுள் பர்ஜன்யனோடு சேர்ப்பதில் 'க்'கும் 'ஜ'வும் ஒத்துவராததால் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. லத்தீனில் 'குவெர்குஸ்' ஆன, ஓக் மரத்துக்கான பழைய சொல்லோடு சேர்ப்பவர்கள்தான் அதிகம். விதியை எழுதும் தெய்வமான லைமாவை லட்சுமியாக்குவது இன்னும் மோசம். லிதுவேனியாவில் இன்றைக்கும் 'லைமே' என்றால் அதிர்ஷ்டம், சந்தோஷம். முதலில் அவர்கள் அகராதியைத் திறவுங்கள் சார்!

மொழிபெயர்க்கும்போது ஒரு வம்பு. சௌலே என்றால் சூரியன், ஆனால் அவள் பெண், நிலவுதான் ஆண். நாட்டுப்பாடலில் நிலவு அவளைக் கட்டிக்கொண்டு, விடிவெள்ளியான அவுஷ்ரினேயின் பின்னால் போக, பெர்கூனஸ் வாளால் அவனை இரண்டாக வெட்டிவிடுகிறான். இதில் 'சூரியன்' என்று 'அன்' விகுதி போட்டால் குடும்பச் சண்டையே காணாமல் போகும்.

லாட்வியாவின் யானி திருவிழாவை ரோமானியக் கடவுள் ஜானஸோடு இணைப்பவர்களும் உண்டு. ஜூன் 23 இரவு நெருப்பு மூட்டி, பெண்கள் பூவளையமும் ஆண்கள் ஓக் இலை வளையமும் சூடி, பாலாடைக்கட்டியும் பீருமாக விடியவிடியப் பாடுவார்கள். சடங்கு பழசுதான், பெயர் மட்டும் திருமுழுக்கு யோவானுடையது. அந்தப் பாட்டில் அடிக்கு அடி வரும் 'லீகோ' வெறும் பல்லவி, 'ஊசலாடு' என்கிற சொல்லோடு உறவுள்ளது. பின்னால் வந்தவர்கள் அதையும் ஒரு தெய்வமாக்கிவிட்டார்கள்.

மில்டா கதையும் அப்படித்தான். காதல் தெய்வம் என்று 1835இல் வரலாற்றாசிரியர் நார்பட் எழுதிவைத்தார், பழைய ஆதாரம் எதிலும் அவள் இல்லை. லிதுவேனியாவில் பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயரை இன்றும் வைக்கிறார்கள்.