நாரா ஹசெதெராவில் சகுரா: 399 படி ஏறுவதற்கு முன்

கியோத்தோவுக்குச் சகுரா, அதாவது செர்ரிப் பூ, பார்க்கப் போய், முன்னால் நின்றவரின் பின்மண்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. முதல்முறை ஜப்பான் போகிறவர் யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது நாரா மாநிலத்தின் ஹசெதெராவைத்தான். மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய புத்தர் கோயில். தொடங்கிய ஆண்டு 686 என்பது கோயில் மரபு, இப்போதுள்ள பெரிய மண்டபம் 1650-இல் எழுந்தது. ஒசாகாவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம்.

படி 1: தேதி

பூ அறிக்கையில் இரண்டு சொல் தெரிந்தால் போதும். முதல் பூ விரிவது கைக்கா, மரம் முழுக்கப் பூப்பது மன்காய் (மாங்காய் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான்). இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வாரம். ஏப்ரல் முதல் பாதியைக் குறி வையுங்கள், ஆனால் மன்காய் நாளேதான் வேண்டும் என்று அலையாதீர்கள். அதற்குச் சில நாள் கழித்து, காற்றில் இதழ் உதிர்ந்து படியெல்லாம் வெளிறிப் போயிருக்கும் நாள்தான் எனக்குப் பிடித்தது. கூட்டமும் குறைவு.

படி 2: ரயில்

வரைபடத்தில் தேடும்போது கவனம், டோக்கியோ பக்கம் கமகுராவிலும் ஒரு ஹசெதெரா இருக்கிறது. இரண்டு கோயில் சிலைகளையும் ஒரே கற்பூர மரத்தில் செதுக்கினார்கள் என்று ஒரு கதை, ஆனால் தூரம் பல நூறு கிலோமீட்டர். நமக்கு வேண்டியது கின்டெட்சு என்ற தனியார் ரயில் நிறுவனத்தின் ஒசாகா பாதையில் வரும் ஹசெதெரா ஸ்டேஷன். எக்ஸ்பிரஸ் நிற்கும், தனி டிக்கெட் கேட்கும் லிமிடெட் எக்ஸ்பிரஸ் நிற்காது. வேகமாகப் போகலாமே என்று அதில் ஏறி, என் ஸ்டேஷன் சன்னலில் சர்ரென்று ஓடிப்போனதைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். கியோத்தோவிலிருந்து வந்தால் யமாதோ யாகியில் மாற வேண்டும்.

படி 3: இறங்கி ஏறுவது

ஸ்டேஷன் ஒரு சரிவில், கோயில் எதிர்ச் சரிவில். அதனால் முதலில் செங்குத்தாக இறங்கி, ஆற்றைக் கடந்து, கடைத்தெரு வழியே மறுபடி ஏற வேண்டும், இருபது நிமிடம் பிடிக்கும். ஏப்ரலில் காலை 8:30-க்குத் திறக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் 500 யென். சில்லறையாகக் கொஞ்சம் எடுத்துப் போங்கள். உண்டியலில் 5 யென் காசு போடுவது வழக்கம், ஏனென்றால் கோ-என் என்ற அதன் பெயர் ஒலிப்பில் 'நல்ல தொடர்பு' என்றும் பொருள்படும்.

படி 4: படிகள்

வாசலைத் தாண்டும்போது நிலைப்படியை மிதிக்காமல் கடந்து போங்கள், நம் ஊர்ப் பழக்கமேதான். அங்கிருந்து தொடங்குகிறது கூரை போட்ட படிவழி, மொத்தம் 399 படிகள். பயப்பட வேண்டாம், ஒவ்வொரு படியும் அவ்வளவு தாழ்வு. சொல்லப்போனால் தாழ்வாக இருப்பதுதான் தொல்லை, நம் கால் பழகிய உயரத்துக்குத் தூக்கித் தூக்கி ஏமாறும், இரண்டிரண்டாகத் தாவினால் தாளம் கெட்டுவிடும், ஆகவே ஒவ்வொன்றாக மெதுவாக ஏறுங்கள். தலைக்கு மேலே வரிசையாக உருண்டை விளக்குகள் தொங்கும், தூண்களுக்கு நடுவே பூ தெரியும்.

பகல் 12 மணிக்கு மேல்முனைக்கு வந்துவிடுகிற மாதிரி திட்டமிடுங்கள். அங்கே இருக்கும் மணிக்கூண்டில் அந்த நேரத்துக்குத் துறவிகள் மணி அடித்துச் சங்கு ஊதுவார்கள். பேச்சு, செல்ஃபி எல்லாம் நின்று, பள்ளத்தாக்கு முழுக்க அந்தச் சத்தம்தான் போகும்.

படி 5: மண்டபம்

உள்ளே நிற்பவர் பதினோரு முகக் கன்னோன். 1538-இல் செதுக்கிய மரச்சிலை, உயரம் 10 மீட்டருக்கு மேல். கன்னோன் வேறு யாருமில்லை, கருணையின் போதிசத்துவரான அவலோகிதர்தான். அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்று வீரசோழியம் என்ற இலக்கண நூல் சொல்கிறதே, அவரேதான். கை தட்டாதீர்கள், அது ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவின் கோயில் முறை. இங்கே கை கூப்பித் தலை குனிந்தால் போதும். சிலையைப் படம் எடுக்கக் கூடாது.

வசந்தகாலச் சிறப்பு தரிசனம் இருந்தால் கூடுதல் கட்டணத்தைப் பார்க்காமல் போய்விடுங்கள். கையில் ஐந்து நிறக் கயிறு கட்டி உள்ளே விடுவார்கள், காப்புக் கட்டுவது போலவே. சிலையின் பாதத்தடியில் போய் நின்று அதைத் தொடலாம். எத்தனையோ கை பட்டு அந்த இடம் மட்டும் கறுத்து மினுங்கும்.

அப்புறம் வெளியே, சரிவுக்கு மேல் நீட்டிக் கட்டிய மரமேடை. எதிரே சகுராவுக்கு நடுவில் ஐந்தடுக்குக் கோபுரம், இது மட்டும் புதுசு, 1954. எல்லோரும் இங்கேயே படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கோபுரத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் இருக்கும் ஹொன்போ கட்டடம் வரை இறங்குங்கள். நீங்கள் நின்ற மண்டபமே பூக்களுக்கு மேல் மிதக்கிற மாதிரி அங்கிருந்து தெரியும்.

படி 6: சாப்பாடு

பக்கத்து மிவா, சோமென் என்ற மெல்லிய நூடுல்ஸுக்குப் பேர்போனது. சைவக்காரர்கள் கவனிக்க, அதன் சாற்றில் பெரும்பாலும் மீன் இருக்கும். கவலையில்லாமல் சாப்பிட குசாமோச்சி இருக்கிறது, மாசிபத்திரி இனத்துக் கீரையை அரிசி மாவோடு இடித்து, உள்ளே இனிப்புப் பயறு வைத்து, கல்லில் சுட்டுத் தருவார்கள். கையில் எடுத்துக்கொண்டு நடக்காமல் கடை வாசலிலேயே நின்று சூடாகத் தின்றுவிடுங்கள். காலையில் இறங்கிய ஸ்டேஷன் சரிவு இப்போது ஏற்றம்.