கதையில் வரும் பையனையும் கட்டுரையில் வரும் 'நான்'ஐயும் ஒப்பிட வைப்பது எப்படி

ஒப்பிடச் சொன்னதும் பிள்ளைகள் 'ரெண்டு பேருமே நல்லவங்க' என்று முடித்துவிடுவார்கள், விடாதீர்கள். ஒரே மாதிரி சிக்கல் உள்ள ஒரு கதையும் ஒரு அனுபவக் கட்டுரையும் எடுங்கள். சேலத்தில் என் வகுப்புக்கு, செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் அப்பா செய்த வெள்ளிக் கொலுசைக் கெடுத்துவிட்டு மறைக்கும் பையன் கதையை நானே எழுதினேன். கூடவே, ஏற்காட்டுப் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்த மாணவியின் கட்டுரை. இரண்டிலும் அவமானம்தான் சிக்கல்.

நோட்டில் நடுவே கோடு போட்டு ஆசை, தடை, செய்தது, மாறியது என்று எழுதட்டும், ஒவ்வொன்றுக்கும் ஆதார வரியோடு.

அப்புறம்தான் சுவாரசியம். கட்டுரையில் 'நான்' இரண்டு பேர்: அன்று அழுதவள், இன்று அதை எழுதிச் சிரிப்பவள். எந்த வரி யாருடையது என்று இரண்டு நிறத்தில் அடிக்கோடு போடச் சொல்லுங்கள். கதை எழுதுபவர் அப்பா மனசுக்குள்ளும் நுழையலாம், இவளோ பக்கத்து சீட்டு அக்காவைப் பற்றி 'நினைத்திருப்பார்' என்று ஊகிக்கத்தான் முடியும்; அந்தச் சொல்லைத் தேட வையுங்கள்.

கட்டுரை எழுதிய பிள்ளையிடம் முன்பே அனுமதி கேளுங்கள். நான் கேட்கவில்லை, அவள் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.